டர்போ இன்ஜின் எத்தனை வருஷம் தாங்கும்? 20 ஆண்டு போராடி விடை கண்ட ஆல்ஃபிரெட் பியூகியின் கதை!

மகேந்திரா சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆனவர்கள், முதல் கார் தேடும்போது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். பத்து வருஷம் ஓடிய டர்போ பெட்ரோல் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் பிக்கப் பிரமாதம். ஆனா வீட்டில் அப்பா, தெருமுனை மெக்கானிக், ஆபீஸ் நண்பர் என எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். பழைய வண்டியில் டர்போ இருந்தால் என்றைக்காவது பெரிய செலவு வைக்கும், வேண்டாம் என்று.

இந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, டர்போவைப் பற்றிய பழைய கெட்ட பெயர். இரண்டையும் பிரித்துப் பார்க்க, டர்போவைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டாலே போதும். ஏனென்றால் அவர் கண்டுபிடித்த டர்போவே முதலில் தாங்கவில்லை. அதைத் தாங்க வைக்க அவருக்கு 20 வருஷம் ஆனது. அவர் பெயர் ஆல்ஃபிரெட் பியூகி. சுவிட்சர்லாந்து நாட்டு இன்ஜினீயர்.

முதலில், டர்போ என்ன செய்கிறது?

இன்ஜினுக்குள் காற்றும் எரிபொருளும் சேர்ந்து எரிகின்றன. அதில் கிடைக்கும் சக்தியில் ஒரு பகுதிதான் சக்கரத்துக்குப் போகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாக சைலன்ஸர் வழியே வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் சக்தி அப்படியே காற்றில் கரைகிறது.

டர்போ இந்தப் புகையைப் பிடித்து ஒரு சின்ன காற்றாடியைச் சுற்ற வைக்கிறது. இதுதான் டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. இதுதான் கம்ப்ரசர். அது வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதனால் சின்ன இன்ஜினே பெரிய இன்ஜினின் வேலையைச் செய்யும். 1 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் 100 குதிரைத்திறனைத் தாண்டுவது இப்படித்தான்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனா அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறைக்கு மேல் சுற்றக்கூடும். பெட்ரோல் வண்டியில் அதன் ஒரு முனையைத் தொடும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மறுமுனையில் சாதாரண வெளிக்காற்று. நடுவில் தண்டைத் தாங்குவது, தலைமுடியை விட மெல்லிய இன்ஜின் ஆயில் படலம். பழைய டர்போ பற்றிய எல்லாப் பயமும் கடைசியில் இந்த ஆயில் படலத்தில்தான் வந்து முடியும்.

இன்ஜின் ஊரில் பிறந்தவர்

பியூகி 1879 ஜூலை 11 அன்று வின்டர்தூர் நகரத்தில் பிறந்தார். அந்த ஊரின் அடையாளமே சுல்சர் என்ற இயந்திர நிறுவனம்தான். பியூகியின் அப்பா அங்கேயே உயர் பொறுப்பில் இருந்தார். அதே 1879-ல்தான், தேர்வுக்குக் காத்திருந்த ரூடால்ஃப் டீசல் என்ற மாணவர் தொழில் பழக அதே சுல்சருக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் டீசல் இன்ஜினைக் கொடுத்தவர் அவர். ஒருவர் இன்ஜினைக் கொடுத்தார், இன்னொருவர் அதற்கு மூச்சைக் கொடுத்தார். இரண்டு பேர் கதையும் ஒரே ஊர் பட்டறையைத் தொட்டுப் போகிறது.

பியூகி 1899-ல் சூரிச் நகரின் ஃபெடரல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். இன்றைக்கு ஈ.டி.எச். சூரிச் என்று உலகம் முழுக்கத் தெரிந்த பல்கலைக்கழகம் அதுதான். 1903-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயராக வெளியே வந்தார். அடுத்த சில வருஷங்கள் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் நீராவி இன்ஜின்களின் ராஜ்ஜியம் முடிந்து டீசல் இன்ஜின்களின் காலம் தொடங்கிக் கொண்டிருந்தது. ஆனால் டீசல் இன்ஜின்கள் பெருத்த உருவத்தில், பயங்கர எடையோடு இருந்தன. அதிக சக்தி வேண்டுமா? இன்னும் பெரிய சிலிண்டர் போடு. வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. பியூகியின் கண், புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூட்டின் மேல் விழுந்தது.

26 வயதில் ஒரு காப்புரிமை

1905 நவம்பர் 16. ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகத்தில் பியூகியின் யோசனை பதிவானது. அப்போது அவருக்கு வயது 26. காப்புரிமை எண் 204630. ஒரு கம்ப்ரசர், ஒரு பிஸ்டன் இன்ஜின், ஒரு டர்பைன், மூன்றும் வரிசையாக. அந்த வரைபடத்தில் மூன்றுமே ஒரே தண்டில் கோக்கப்பட்டிருந்தன. இப்போது இருக்கிற டர்போவில் இன்ஜினுக்கும் டர்போ தண்டுக்கும் நேரடி இணைப்பு கிடையாது, புகை மட்டும்தான் பாலம். அந்த வித்தியாசத்தைத் தவிர, அடிப்படை யோசனை அன்றைக்கே முழுசாக இருந்தது.

யோசனை இருந்தது. அதைச் செய்து காட்ட உலோகம் இல்லை. அவ்வளவு சூட்டில் அவ்வளவு வேகமாகச் சுற்றும் காற்றாடி இதழ்களைத் தாங்கக்கூடிய எஃகு அன்றைக்குக் கிடையாது. கம்ப்ரசர்களும் சுமார் ரகம்தான். உள்ளே போகும் சக்தியில் பெரும்பகுதியை அவையே தின்றுவிடும். காகிதத்தில் ஜெயித்த யோசனை, பட்டறைக்கு வந்ததும் திணறியது.

தாங்காத முதல் டர்போ

பியூகி சுவிட்சர்லாந்துக்குத் திரும்பி சுல்சரில் டீசல் ஆராய்ச்சியில் இறங்கினார். 1911-ல் அங்கே சோதனைக் கூடம் அமைந்தது. 1915-ல் முதல் மாதிரி தயாரானது. நோக்கம், விமானம். உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், இன்ஜின் மூச்சு வாங்கும். அந்தக் குறையை டர்போவை வைத்துச் சரிக்கட்ட முடியுமா என்பதுதான் சோதனை.

முடியவில்லை. தேவையான அழுத்தத்தை அதனால் தொடர்ந்து தக்கவைக்க முடியவில்லை. நம்பி ஓட்டும் அளவுக்கு உறுதியும் இல்லை. காப்புரிமை வாங்கிப் பத்து வருஷம் கழித்து, கையில் இருந்தது தோல்வியடைந்த ஒரு மாதிரி மட்டும்தான்.

இதற்கிடையே மற்றவர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸில் அகஸ்ட் ராட்டோ முதல் உலகப் போர் சமயத்தில் விமான இன்ஜின்களுக்கு டர்போ பொருத்தினார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், 1918-ல் லிபர்டி என்ற விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். ஆனால் இவை எல்லாம் குறைந்த மணி நேரம் முழு வேகத்தில் பறந்தால் போதும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. வருஷக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் டர்போ வேறு விஷயம். அந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

ஒரு கண நேர இடைவெளி

தோல்விக்குப் பிறகு பியூகி கேள்வியையே மாற்றிப் போட்டார். இன்னும் எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்று பார்க்கவில்லை. இன்ஜினையும் டர்பைனையும் சூட்டிலிருந்து எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்த்தார்.

இன்ஜினில் காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இரண்டையும் ஒரு கண நேரம் சேர்ந்தே திறந்து வைத்தால் என்ன ஆகும்? டர்போ தள்ளும் புதுக்காற்று ஒருபக்கமாக நுழைந்து, உள்ளே தேங்கிய எரிந்த புகையை மறுபக்கமாகக் கழுவித் தள்ளிவிடும். கூடவே சிலிண்டரின் உட்புறத்தையும் வால்வுகளையும் பிஸ்டன் தலையையும் குளிர்விக்கும். டர்பைனுக்குப் போகும் புகையின் சூடும் குறையும். வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் கடல் காற்று புழுக்கத்தை அள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை. அந்தக் கண நேரத்தில் புகைக்குழாயின் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புகை திரும்பி உள்ளே வந்துவிடும். இதற்குப் பியூகி கண்ட வழி, ஒரே தடிமனான புகைக்குழாய்க்குப் பதிலாகச் சில குறுகலான குழாய்கள். ஒன்றின் மூச்சு இன்னொன்றை முட்டாதபடி சிலிண்டர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் குழாய். புகை தட்டித் தட்டி வரும். ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே அழுத்தம் தாழும். அந்த இடைவெளியில் புதுக்காற்று புகுந்து கழுவும்.

1925-ல் இந்த முறைக்குத் தன் சொந்தப் பெயரில் காப்புரிமை கேட்டார். இன்றைக்கு விளம்பரங்களில் ட்வின் ஸ்க்ரோல் டர்போ என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதன் தாத்தா இதுதான்.

இரண்டு கப்பல்கள், ஒரு திருப்பம்

பியூகிக்குத் துணை வந்தது, பாடன் நகரத்து பிரவுன் போவெரி நிறுவனம். நீராவி டர்பைன் செய்வதில் கை தேர்ந்தவர்கள். 1915-ல் தொடங்கிய பேச்சு 1923-ல்தான் ஒப்பந்தமாகக் கனிந்தது. 1924 ஜூனில் வி.டி.402 என்ற அவர்களின் முதல் பெரிய டர்போ, வின்டர்தூரில் இருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் ஆலைக்குச் சோதனைக்காகப் போய்ச் சேர்ந்தது. 1925-ல் அங்கே நடந்த சோதனையில் டீசல் இன்ஜினின் சக்தி 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. காப்புரிமைக்குப் பிறகு சரியாக 20 வருஷம்.

அடுத்த பரீட்சை கடலில். முதல் உலகப் போருக்குப் பிறகு கிழக்குப் பிரஷ்யா பகுதி, ஜெர்மனியின் மற்ற பகுதியிலிருந்து துண்டாகிப் போனது. இரண்டையும் இணைக்க பால்டிக் கடலில் பயணிகள் கப்பல் தேவைப்பட்டது. அப்படிக் கட்டப்பட்ட பிராய்சன், ஹான்ஸஸ்டாட் டான்ஸிக் என்ற இரண்டு கப்பல்களில்தான் பியூகி வடிவமைத்த டர்போக்கள் ஏறின. ஒவ்வொரு கப்பலிலும் இரண்டு பத்து சிலிண்டர் டீசல் இன்ஜின்கள். 1,750 குதிரைத்திறன் இன்ஜின், டர்போவோடு 2,500 குதிரைத்திறன் கொடுத்தது. 1926-ல் இவை ஓடத் தொடங்கின. சுமார் 15 வருஷம் கழித்து, 1941 ஜூலையில், ஸ்வீடன் கடற்கரைப் பக்கம் கண்ணிவெடிகளில் சிக்கி இரண்டு கப்பல்களும் மூழ்கின. அவற்றின் முடிவுக்குக் காரணம் போர்தான், இன்ஜின் அல்ல.

1926-ல் பியூகி சுல்சரை விட்டு விலகி, பிரவுன் போவெரி, சுவிஸ் லோகோமோட்டிவ் ஆலை ஆகியவற்றோடு சேர்ந்து பியூகி சிண்டிகேட் என்ற அமைப்பைத் தொடங்கினார். உரிமம் வாங்கியவர்கள் மூலம் டர்போ உலகக் கப்பல்களுக்கும் ரயில் இன்ஜின்களுக்கும் மின் நிலையங்களுக்கும் பரவியது. இந்திய ரயில்வேயில் பல பத்தாண்டுகள் உழைத்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜினும் டர்போ பொருத்தியதுதான். டர்போ என்றாலே சீக்கிரம் போய்விடும் என்பவர்கள், அந்த ரயில் இன்ஜின்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

1938-ல் ஈ.டி.எச். சூரிச் பியூகிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே வருஷம் சவுரர் என்ற சுவிஸ் நிறுவனம் டர்போ பொருத்திய லாரி இன்ஜினைக் கொண்டுவந்தது. டர்போ கடலிலிருந்து சாலைக்கு ஏறிவிட்டது.

அவர் பார்க்காத கார்கள்

1959 அக்டோபர் 27 அன்று, பிறந்த ஊரான வின்டர்தூரிலேயே பியூகி காலமானார். அப்போது அவருக்கு வயது 80. டர்போ கார்கள் ஷோரூமுக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1962-ல். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் மான்ஸா ஸ்பைடர் என்ற இரண்டு கார்கள்.

டர்போவின் கெட்ட பெயர் தொடங்குவதும் இங்கேதான். ஜெட்ஃபயரில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின். அதன் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைக்காமலே டர்போவை ஏற்றிவிட்டார்கள். அதனால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் அபாயம். அதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி காலியானால் டர்போவின் உதவி நின்றுபோகும். வாங்கியவர்களில் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். புகார்கள் குவிந்தன. பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்ப்பரேட்டர் மாட்டினார்கள். 1963-ஓடு அந்த மாடல் முடிந்தது. பியூகி 1915-ல் கற்ற பாடத்தை, கார் உலகம் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

படித்தது யார்? 1978-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி. என்ற டர்போ டீசல் கார் வந்தது. ஐந்து சிலிண்டர், 3 லிட்டர். டர்போவை ஏற்றும்போதே இன்ஜினையும் மாற்றினார்கள். பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சி அடித்துக் குளிர்விக்கும் ஏற்பாடு, சூட்டைச் சீக்கிரம் கடத்த சோடியம் நிரப்பிய வால்வுகள். பல லட்சம் கிலோமீட்டர் ஓடியும் சளைக்காத இன்ஜின் என்று இன்றைக்கும் பெயர் வாங்கியிருப்பது அந்தக் குடும்பம்தான். ஜெட்ஃபயரிலும் இருந்தது டர்போதான், இதிலும் இருந்தது டர்போதான். ஒன்றில் அதை மேலே ஒட்டினார்கள், மற்றதில் அதற்காக இன்ஜினைத் தயார் செய்தார்கள்.

மாமல்லபுரம் பக்கத்தில் பியூகியின் வாரிசு

இந்தக் கதைக்கும் செங்கல்பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நிறையவே இருக்கிறது.

ஓ.எம்.ஆரில் திருப்போரூரைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் பையனூர் வரும். சினிமாத் தொழிலாளர் குடியிருப்பும் ஸ்டுடியோவும் அங்கே இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதே பையனூரில் டர்போசார்ஜர் செய்யும் ஆலையும் இருக்கிறது. 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம். ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு வளர்ந்தது. பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ 1973-ல் வந்தபோதும், அடுத்து போர்ஷே 911 டர்போ வந்தபோதும், உள்ளே இருந்தது கே.கே.கே. டர்போதான். இந்தியச் சாலைகளில் ஓடும் லாரி, பஸ், கார்களுக்கான டர்போக்கள் இந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து போகின்றன.

மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலை 2007-ல் திறந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 1990-களிலேயே வந்துவிட்டது. 2013-ல் அங்கிருந்து வெளிவந்த எக்கோஸ்போர்ட், 1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினோடும் கிடைத்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யும் வந்தது. இந்தியாவில் சாமானியர்கள் டர்போ பெட்ரோலைத் தொட்டுப் பார்த்த காலம் அது. அந்த வண்டிகளுக்குத்தான் இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. ஃபோர்டு 2021-ல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் வண்டிகள் இன்னும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மறைமலை நகர் எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது. 2023 இறுதியில் அங்கே 1 லிட்டர் டர்போ இன்ஜின் கொண்ட எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. காரணம் டர்போ இல்லை. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்ன பாகம் உடையலாம் என்பதுதான். அது உடைந்தால் ஆயில் அழுத்தம் போய்விடும். ஆயில் இல்லாவிட்டால் இன்ஜினும் காலி, இரண்டு லட்சம் சுற்றுச் சுற்றும் டர்போவும் காலி. டர்போவின் ஆயுள் டர்போவில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்போ, பழைய டர்போ வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டால். வண்டியின் வயதையும் ஓடிய கிலோமீட்டரையும் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒழுங்காக ஆயில் மாற்றி 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போ, ஆயில் மாற்றாமல் 40,000 ஓடியதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

• ஆயில் கணக்கு: சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினார்கள், எந்த கிரேடு ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி நெரிசலில் தினமும் ஊர்ந்து போகும் வண்டிக்கு மேனுவலில் கடினப் பயன்பாடு என்று தனி அட்டவணை இருக்கும். அதுதான் பொருந்தும். பில் இல்லை என்றால் அதை விலையில் கழித்துப் பேசலாம். அதைவிட, வேறு வண்டி பார்ப்பது நல்லது.

• பெல்ட்: சில சின்ன டர்போ இன்ஜின்களில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். வயதானால் ரப்பர் துகள் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கலாம். எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் டர்போவும் இந்த வகை. பத்து வருஷம் தாண்டியிருந்தால், மாற்றினார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

• புகையும் சத்தமும்: நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். வேகம் எடுக்கும்போது ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளைச் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று கசியலாம். பிக்கப் மந்தமாக இருந்தால் உடனே டர்போவைக் குற்றம் சொல்ல வேண்டாம். கிழிந்த ஒரு ஹோஸ் பைப்பாகவும் இருக்கலாம். டர்போவை மாற்றச் சொல்லும் முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• தூசியும் உப்பும்: கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே போகும் மணல் துகள், கம்ப்ரசர் இதழ்களை அரித்துவிடும். கடற்கரையோரம் நின்ற வண்டியில் இன்டர்கூலரின் மெல்லிய தகடுகள், கிளாம்ப், புகைக்குழாய் இணைப்புகள் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள்.

• வண்டியை நிறுத்தும் பழக்கம்: ஈ.சி.ஆரில் விரட்டிக்கொண்டு வந்து சட்டென்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். தண்ணீரால் குளிர்விக்கும் டர்போக்களில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவதும், ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைப்பதும் செலவில்லாத பழக்கங்கள்.

டர்போ போய்விட்டது என்று சொல்லி புது டர்போ மட்டும் மாட்டினால் வேலை முடியாது. ஏன் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆயில் போகும் சின்னக் குழாய் அடைத்திருந்தால், புதிதாக மாட்டியதும் அதே வழியில் போகும். அந்தக் குழாயையும் மாற்றி, ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஒரே வண்டியில் அடுத்தடுத்து டர்போ போனதாகக் கேள்விப்படும் கதைகளில் பலவற்றுக்கு, இந்த வேலையை விட்டதுதான் காரணம்.

பியூகி தொடங்கிய வேலை இன்னும் அதே பாடன் நகரத்தில் நடக்கிறது. பிரவுன் போவெரி 1988-ல் ஏ.பி.பி. ஆனது. அதன் டர்போ பிரிவு 2022-ல் ஆக்சிலரான் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. கப்பல்களுக்கும் மின் நிலையங்களுக்கும் அவர்கள் டர்போ செய்கிறார்கள். அந்த டர்போக்களுக்கு எத்தனை மணி நேரம் ஓடினால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. கப்பல் இன்ஜினீயர்கள் அதைத் தவறாமல் பின்பற்றுவார்கள். நடுக்கடலில் மெக்கானிக் கிடைக்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய டர்போ கார் வாங்குகிறவரும் அதே மாதிரி ஒரு சின்ன நோட்டில் ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்தால் போதும். அடுத்து அந்த வண்டியை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பதும் அந்த நோட்டைத்தான்.